நம் விடுமுறை முகாம்: நின்றது ஏன், நிலைப்பது எப்படி

(பொன்விழாக் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தின் தலைவர் அவர்களே, நிர்வாகிகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தவர்களே, தாய்மார்களே, பின்னால் நின்றுகொண்டு எப்போது சாப்பாடு போடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே! உங்கள் அனைவருக்கும் என் ஸலாம்.

அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே "கோடை முகாம்" என்று அச்சாகியிருக்கிறது. தமிழ்நாட்டில் மே மாதம் பள்ளிக்கூடம் மூடியதும் ஊருக்கு ஊர் ஜமாஅத்தார் நடத்துகிற கோடைக்கால மார்க்க வகுப்புகளைப் பற்றிப் படித்துப் படித்து, நம் செயலாளர் அந்தப் பெயரையே போட்டுவிட்டார் போலிருக்கிறது. பினாங்கில் எந்த மாதம் கோடை, எந்த மாதம் கோடை இல்லை என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். நாம் நடத்தியது பள்ளி விடுமுறை முகாம். அதனால் இன்று அதை "முகாம்" என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நம் வீடுகளில் அன்றும் அப்படித்தான் சொன்னோம்.

இந்த மண்டபத்தில் நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களில் பலர் அந்த முகாமில் ஒரு தடவையாவது படுத்து எழுந்தவர்கள். தெலுக் பஹாங் பக்கம் வாடகைக்கு எடுத்த பழைய பங்களா. கூடத்தில் வரிசையாகப் பாய். முதல் நாள் இரவு யாருக்கும் தூக்கம் வராது. ஒருவன் பேய்க்கதை ஆரம்பிப்பான். இன்னொருவன் ஆயத்துல் குர்ஸி ஓத ஆரம்பிப்பான். சுபுஹுக்கு எழுப்ப வருகிற காக்கா ஒருவர் கையில் தண்ணீர்க் குவளையோடு வருவார். அவர் இன்று முன்வரிசையில்தான் இருக்கிறார். நான் பெயர் சொல்லப்போவதில்லை, அவரே சிரிக்கிறார்.

சாப்பாடு ஸஹனில். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் விருந்தில் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள் அல்லவா, அதே முறை. கடைக்காரர்கள் தேக்சா தேக்சாவாக நெய்ச்சோறும் தால்ச்சாவும் அனுப்புவார்கள். ஒரு ஸஹனுக்கு நான்கு பிள்ளைகள். கடை முதலாளியின் மகனும், அதே கடையில் தட்டுக் கழுவுகிறவரின் மகனும் ஒரே தட்டில். யாரும் அதைப் பற்றி ஒரு பாடமும் எடுக்கவில்லை. இஷாவுக்குப் பிறகு ஒரு பெரியவர் தமிழில் கதை சொல்வார். நபிமார்களின் கதை, ஸஹாபாக்களின் கதை, நடு நடுவே ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து இங்கு வந்து இறங்கிய கதை. எனக்கு இன்று ஞாபகம் இருப்பதில் பாதி, அந்த ஒரு மணி நேரத்தில் கேட்டதுதான்.

இந்த முகாம் ஏன் நின்றது? கேட்டால் நாம் சொல்கிற பதில் ஒன்று உண்டு. "பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை, கையில் போன் வந்துவிட்டது" என்போம். இது சரியில்லை. முகாம் நின்றபோது பிள்ளைகள் கையில் போன் இல்லை. 2000ஆம் ஆண்டைச் சுற்றித்தான் அது நின்றது. காரணம் இரண்டு. இரண்டையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் அதே குழியில் விழுவோம்.

முதல் காரணம் பிறைக் கணக்கு. 2000, 2001, 2002 மூன்று ஆண்டுகளிலும் நோன்பு நவம்பர், டிசம்பர் மாதங்களில் வந்தது. 2000இல் பெருநாள் டிசம்பர் கடைசியில். ஆண்டிறுதி விடுமுறைக்குள் நோன்பும் பெருநாளும் அடங்கிவிட்டால் முகாமுக்கு ஏது இடம்? "இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வோம்" என்றார்கள். நியாயமான முடிவுதான். மூன்று தடவை அப்படிச் சொல்லிவிட்டு நான்காவது ஆண்டு திரும்பிப் பார்த்தபோது, முகாமுக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள் வேலைக்கும் கல்லூரிக்கும் போய்விட்டார்கள். அவர்களுக்கு அடுத்த வரிசைப் பிள்ளைகள் முகாம் என்ற ஒன்றைக் கண்ணால் பார்க்கவே இல்லை.

இரண்டாவது காரணம் பெரியது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை 1948க்கு முன் கட்டிய கடைவீடுகளில் சொற்ப வாடகைக்கு நம் குடும்பங்கள் இருந்தன. கீழே கடை, மேலே வீடு. 1997இல் அந்தச் சட்டத்தை ரத்துச் செய்தார்கள். 2000 ஜனவரி முதல் வீட்டுக்காரர் கேட்டதுதான் வாடகை. சூலியா தெருவைச் சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொரு குடும்பமாக மூட்டை கட்டினோம். ஒருவர் கெலுகோருக்கு, ஒருவர் சுங்கை ஆராவுக்கு, ஒருவர் பாயான் லெப்பாஸுக்கு, பாலம் தாண்டிப் பலர் செபராங் பிறைக்கு. 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரிய நகரம் என்று அறிவித்தபோது நாம் எல்லாரும் பெருமைப்பட்டோம். பாரம்பரியம் அங்கேயே இருக்கிறது. அந்தத் தெருக்களில் இருந்த நம் வீடுகளில் பெரும்பாலானவை இப்போது தங்கும் விடுதியும் காப்பிக் கடையும்.

இதற்கும் முகாமுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் முகாமுக்கு ஆள் சேர்க்க யாரும் சுற்றறிக்கை அனுப்பியதில்லை. மஃரிபுக்குப் பள்ளிவாசலுக்கு வந்த பிள்ளை, மதரஸாவில் பக்கத்தில் உட்கார்ந்து ஓதிய பிள்ளை, ஐந்தடிப் பாதையில் பந்து விளையாடிய பிள்ளை, எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். "வியாழக்கிழமை லாரி வருது, வர்றியா?" என்றால் போதும். தெருதான் முகாமை நடத்தியது. நம் நிர்வாகம் நடத்தியதாக நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். தெரு கலைந்த பிறகுதான் நம் கையில் எதுவும் இல்லை என்று புரிந்தது.

நடுவில் ஒரு முயற்சி நடந்தது. உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். தன்முனைப்புப் பயிற்சி நடத்துகிற ஒரு குழுவைக் கூலிக்கு அமர்த்தினோம். பெயர் வேண்டாம். நல்ல விடுதி, குளிரூட்டிய அறை, எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை, பெரிய பதாகை, சான்றிதழ். இரண்டாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, "உன் உம்மா இப்போது மௌத்தாகிவிட்டால்..." என்று பேசி பிள்ளைகளை அழவைத்தார்கள். அழுத பிள்ளைகள் வீட்டுக்கு வந்து உம்மாவைக் கட்டிப் பிடித்தார்கள். நாமும் நெகிழ்ந்துபோனோம். மறு ஆண்டு அதே பிள்ளைகளைக் கூப்பிட்டால் வரவில்லை. ஒரு பையன் என்னிடம் சொன்னான்: "அங்கிள், அங்கே எனக்கு யாரையும் தெரியாது. இப்போதும் தெரியாது." மூன்று நாள் ஒரே கூரையின் கீழ் இருந்த பிள்ளை சொன்னது இது. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

இப்போது மறுபடியும் தொடங்க வேண்டும் என்று பேச்சு வந்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒரு கேள்விக்கு முதலில் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். இந்த முகாம் எதற்கு?

தொழச் சொல்லிக்கொடுக்க என்று சொன்னால் எடுபடாது. நம் பிள்ளைகள் பிற்பகலில் காஃபா வகுப்புக்குப் போகிறார்கள். குர்ஆன் ஓதவும், ஃபர்ளு ஐன் பாடங்களும், ஜாவி எழுத்தும் அங்கே படிக்கிறார்கள். தேர்வு எழுதுகிறார்கள். ஒளுவின் ஃபர்ளு எத்தனை என்று என்னைவிட வேகமாகச் சொல்வார்கள். பள்ளியிலும் சமயப் பாடம் இருக்கிறது. இதையே மூன்று நாள் மறுபடியும் சொல்லிக்கொடுக்க, பிள்ளையை விடுமுறையில் இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

பிள்ளைக்கு அங்கே கிடைக்காதது என்ன? ஒரு சம்பவம் சொல்கிறேன். பதினோரு வயதுப் பையன். பள்ளியில் ஷாஃபி மத்ஹபுப்படி படித்திருக்கிறான். சுபுஹில் குனூத் ஓத வேண்டும் என்று தெரியும். வீட்டில் நன்னா ஹனஃபி. சுபுஹில் குனூத் ஓதுவதில்லை. அஸரையும் பாங்கு சொன்ன உடனே தொழாமல் கொஞ்சம் தள்ளித் தொழுகிறார். பையன் என்னிடம் வந்து, தயங்கித் தயங்கி, "நன்னா தொழுறது தப்பா?" என்று கேட்டான். அவன் கண்ணில் தண்ணீர். தப்பு என்று சொன்னால் நன்னா தப்பு. தப்பில்லை என்றால் பாடம் தப்பு. இதை எத்தனை நாள் மனதில் வைத்திருந்தானோ!

அவனுக்கு நான் சொன்ன பதில் எளிது. இரண்டு இமாம்களும் மகா பெரியவர்கள், இரண்டு வழியும் சரி, நன்னாவின் ஊரில் ஹனஃபி வழி, இந்த நாட்டில் ஷாஃபி வழி. ஹனஃபிகள் வித்ரில் குனூத் ஓதுவார்கள், இன்று இரவு நன்னா பக்கத்தில் நின்று பார் என்றேன். முகம் மலர்ந்தது. இந்தப் பதில் நம் சமூகத்தில் யாருக்கும் தெரியாத ரகசியமா? இல்லை. கேட்பதற்கு அந்தப் பிள்ளைக்கு ஓர் ஆளும் ஒரு நேரமும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். வகுப்பில் கேட்டால் நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டில் கேட்டால் நன்னா வருத்தப்படுவார். இப்படி ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வியை மடியில் கட்டிக்கொண்டு திரிகிறது. "நாம் மலாய்க்காரர்களா, இந்தியர்களா?" "தமிழ் பேசினால் ஏன் சிரிக்கிறார்கள்?" "மாமாக் என்று கூப்பிட்டால் நான் கோபப்பட வேண்டுமா?" இந்தக் கேள்விகள் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. முகாம் இதற்குத்தான்.

ஹதீஸ் கிரந்தங்களில் மாலிக் இப்னுல் ஹுவைரிஸ் (ரலி) அவர்கள் சொல்கிற செய்தி ஒன்று உண்டு. புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஏறக்குறைய ஒரே வயதுடைய இளைஞர்கள் சிலர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து இருபது இரவுகள் தங்கினார்கள். அண்ணலார் மிகுந்த இரக்கமும் மென்மையும் உள்ளவராக இருந்தார்கள். இந்த இளைஞர்களுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று அவர்களே உணர்ந்து, யார் யாரை விட்டு வந்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். பிறகு, குடும்பத்தாரிடம் திரும்பிப் போங்கள், அவர்களோடு இருங்கள், அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள், தொழுகை நேரம் வந்தால் உங்களில் ஒருவர் பாங்கு சொல்லட்டும், மூத்தவர் இமாமாக நிற்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

முகாம் எப்படி இருக்க வேண்டும் என்று பல கூட்டங்களில் மண்டையை உடைத்துக்கொண்டோம். இந்த ஒரு செய்தியிலேயே எல்லாம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஒத்த வயதினர். சில நாள் அல்ல, பழகும் அளவுக்கு நாட்கள். பிள்ளைக்கு வீட்டு ஞாபகம் வருவதை முகத்தைப் பார்த்துக் கண்டுகொள்கிற பெரியவர். திரும்பிப் போகும்போது கையில் சான்றிதழ் இல்லை, பொறுப்பு இருக்கிறது. உங்களில் ஒருவர் பாங்கு சொல்லட்டும் என்றார்கள். வெளியிலிருந்து ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை.

நம் பழைய முகாமில் நாம் கோட்டைவிட்டது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். என்னையும் சேர்த்தே சொல்கிறேன். நான் முகாமில் பிள்ளையாக இருந்தேன், பிறகு உதவிக்குப் போனேன். ஆனால் பட்டியல் போடுவது, பணம் வைத்திருப்பது, நேரம் வகுப்பது எல்லாம் அதே நான்கு பெரியவர்கள். பதினாறு வயதுப் பையனுக்கு நாம் கொடுத்த அதிகபட்சப் பொறுப்பு பாய் விரிப்பது. நான்கு பேரில் ஒருவர் காலமானார், ஒருவர் உடம்புக்கு முடியாமல் ஊருக்குப் போனார், இருவர் கடையைப் பார்க்க வேண்டியதாயிற்று. நோன்பு மூன்றாண்டு இடைவெளி போட்டது. தெரு கலைந்தது. இவை எல்லாம் சேர்ந்து வந்தபோது, எடுத்து நடத்தத் தெரிந்த இளைஞன் ஒருவனும் இல்லை. நாங்கள் உருவாக்கவே இல்லை.

வட அமெரிக்காவில் மைனா என்ற முஸ்லிம் இளைஞர் அமைப்பு 1985இல் தொடங்கியது. அங்கே முகாம்களில் இளைஞர்களே முன் நிற்கிறார்கள். இங்கே நம் நாட்டிலும் 1961இல் தொடங்கிய பிகேபிஐஎம், 1971இல் தொடங்கிய அபிம் ஆகியவற்றின் தம்ரின் முகாம்களில் வளர்ந்தவர்கள்தான் பிறகு அவற்றை நடத்தினார்கள். நேற்று வந்தவன் நாளை நடத்துவான் என்பதுதான் அங்கே வழக்கம். நமக்கு அது கைவரவில்லை. கடைக்காரச் சமூகம் நாம். கல்லாப்பெட்டிச் சாவியை மகனிடமே கடைசி வரை கொடுக்கமாட்டோம். (சிரிப்பு) சிரிக்கிறீர்கள், வீட்டுக்குப் போய்ச் சாவி எங்கே என்று பாருங்கள்.

ஆகவே என் முதல் வேண்டுகோள். பத்திலிருந்து பதிமூன்று வயது வரை முகாமுக்கு வருகிற பிள்ளைகள். பதினான்கு, பதினைந்தில் இருப்பவர்கள் ஒவ்வொரு சிறு குழுவுக்கும் துணை. பதினாறு, பதினேழில் இருப்பவர்கள் குழுத் தலைவர்கள். எஸ்பிஎம் ஆண்டு மட்டும் விலக்கு, அதுவும் அவர்கள் கேட்டால். கணக்கு எழுதுவது, சாப்பாட்டுப் பட்டியல், இரவுக் காவல் முறை, எல்லாம் இருபதுகளில் இருப்பவர்கள் கையில். நாம் பக்கத்து அறையில் இருப்போம். சோறு குறைந்தால் குறையட்டும், நாமே ஓடிப்போய் வாங்கி வந்து நிறைக்கக் கூடாது. எனக்கே இது கஷ்டம்தான்.

இரண்டாவது, மொழி. இதில் நமக்குள் சண்டை இருக்கிறது. ஒரு தரப்பு, தமிழ் முஸ்லிம் சங்கம் நடத்துகிற முகாம், தமிழில்தான் நடக்க வேண்டும் என்கிறது. இன்னொரு தரப்பு, பிள்ளைகளுக்குப் புரியாத மொழியில் மார்க்கம் பேசி என்ன பயன் என்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் தேசியப் பள்ளியில் படிக்கிறார்கள். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. உம்மா தமிழில் கேட்டால் மலாயில் பதில். இது என் வீட்டிலும்தான்.

என் கருத்து இதுதான். கேள்வியைப் பிள்ளை எந்த மொழியில் கேட்கிறதோ அந்த மொழியில் பதில். அதில் பிடிவாதம் வேண்டாம். ஆனால் இஷாவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் தமிழுக்கு. பாடமாக இல்லை, கதையாக. நன்னாக்களும் நன்னிமார்களும் வரட்டும். ஆலிமாக இருக்க வேண்டியதில்லை. எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்தக் கப்பல், முதல் வேலை என்ன, முதல் பெருநாளைக்கு என்ன சாப்பிட்டோம், இவை போதும். பாதி புரியாவிட்டாலும் பிள்ளை கேட்கும். நாங்களும் அன்று பாதி புரியாமல்தான் கேட்டோம். தமிழே கிடையாது என்றால், இந்தத் தீவில் எத்தனையோ முகாம்கள் மலாயில் நன்றாக நடக்கின்றன, அவற்றுக்கே பிள்ளைகளை அனுப்பிவிடலாம், நாம் சிரமப்பட வேண்டாம்.

முதல் நாளை தெலுக் பஹாங்கில் தொடங்காமல் ஊருக்குள்ளேயே தொடங்கலாம் என்று இளைஞர்கள் யோசனை சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது. காலையில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் கூடுவது. 1801இல் அதை எழுப்பிய காதர் முகைதீன் பரங்கிப்பேட்டைக்காரர் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அங்கிருந்து நடந்து கம்போங் கோலாமில் அவர் அடங்கியிருக்கும் இடம். பிறகு 1808இல் எழுந்த ஆச்சே தெருப் பள்ளிவாசல். இந்தப் பகுதியிலிருந்து ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கப்பலுக்குக் காத்திருந்த தெரு அது. பிறகு சூலியா தெருவில் நாகூர் தர்கா. தர்கா விஷயத்தில் இந்த மண்டபத்திலேயே இரண்டு கருத்து உண்டு. அந்த வாதத்தைப் பெரியவர்கள் வேறு இடத்தில் வைத்துக்கொள்வோம். கடல் தாண்டி வந்தவர்கள் தங்கள் ஊர் ஞாபகமாக ஒரு கட்டடத்தை இருநூறு ஆண்டுக்கு முன்பே இங்கே எழுப்பினார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். 1880களில் நாகூர் குலாம் காதிறு நாவலர் இதே ஊரிலிருந்து 'வித்தியா விசாரிணி' என்ற தமிழ்ப் பத்திரிகை நடத்தினார் என்பதும் தெரிய வேண்டும். சுங்கை ஆரா பிள்ளைக்கு ஜார்ஜ்டவுன் என்பது வெளியூர்க்காரர்கள் சுவரோவியத்தின் முன் படம் பிடிக்கிற இடம். ஒரு காலைப்பொழுதாவது அது அவன் நன்னாவின் தெருவாக இருக்கட்டும்.

அதன் பிறகு காடும் கடலும். பினாங்கு தேசியப் பூங்காவில் கெராச்சுட் கடற்கரைக்கு நடக்கும் பாதை இருக்கிறது. ஆமைகள் முட்டையிட வரும் கடற்கரை. கொஞ்சம் ஏற்றம், வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்து அங்கே ஜமாஅத்தாக லுஹர் தொழுதால் அந்தத் தொழுகை மறக்காது. "பயணத்தில்தானே இருக்கிறோம், கஸ்ர் செய்யலாமா?" என்று எவனாவது கட்டாயம் கேட்பான். நாங்களும் கேட்டோம். வீட்டிலிருந்து இவ்வளவு கிட்டத்தில் கஸ்ர் கிடையாது என்று தெரிந்ததும் வந்த ஏமாற்றத்தில்தான் பயணத் தொழுகைச் சட்டம் முழுவதும் எங்களுக்கு மனப்பாடமானது.

மூன்றாவது, பெண் பிள்ளைகள். பழைய முகாம் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும். யாரும் அதைத் தவறாகக்கூட நினைக்கவில்லை. என் தங்கச்சி ஒவ்வோர் ஆண்டும் லாரி கிளம்பும்போது மாடி ஜன்னலில் நின்று பார்ப்பாள். இன்று அவள் நான்கு பிள்ளைகளின் உம்மா. அந்தப் பிள்ளைகளுக்கு மார்க்கமும் தமிழும் சொல்லிக்கொடுக்க வேண்டியவள் அவள்தான் என்று நாம் எல்லாரும் எதிர்பார்க்கிறோம். அவளுக்கு நாம் என்ன கொடுத்தோம்? தனி இடம், தனிக் கட்டடம், தாய்மார்களின் பொறுப்பு, என்ன ஒழுங்கு வேண்டுமோ செய்துகொள்வோம். ஆனால் பெண் பிள்ளைகளுக்கு முகாம் இல்லை என்றால் ஆண் பிள்ளைகளுக்கும் வேண்டாம் என்று நான் நிர்வாகக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். சிலர் முகம் சுளித்தார்கள். இங்கேயும் சொல்கிறேன்.

பாதுகாப்பைப் பற்றிப் பேச நமக்குக் கூச்சம். இருந்தாலும் பேச வேண்டும். பிள்ளைகளுக்கெதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017இல் வந்தது. பிள்ளையின் நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் தவறு செய்தால் கூடுதல் தண்டனை. தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதும் குற்றம். "நம்ம ஆளு, நல்ல மனுஷன்" என்ற பேச்சு முகாமில் செல்லாது. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக ஓர் அறையில் இருக்கக் கூடாது. உஸ்தாதுக்கும் எனக்கும் தலைவருக்கும் அதே விதி. பெற்றோர் எந்த நேரம் வந்தாலும் கதவு திறக்கும். மார்க்கம் போதிக்க வருபவருக்கு மாநிலத்தின் தௌலியா வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வரும் ஆலிம் என்றாலும் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். கடைசி வாரத்தில் ஓடக் கூடாது.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் சமூகத்தில் ஒரு நல்ல காரியம் சோறு இல்லாமல் நின்றதில்லை. கடைக்காரர்களிடம் நான் கேட்பது வேறு. டிசம்பர் உங்களுக்கு வியாபாரம் உச்சத்தில் இருக்கும் மாதம். சுற்றுப் பயணிகள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் உங்கள் மகனையும், கடையில் வேலை செய்யும் அண்ணன்மார்களின் பிள்ளைகளையும் ஐந்து நாள் விடுங்கள். காசோலை எழுதிவிட்டு மகனைக் கல்லாவில் உட்காரவைப்பது எளிது. காசோலை வேண்டாம், மகனை அனுப்புங்கள். கட்டணம் எல்லாருக்கும் ஒன்று. கட்ட முடியாதவர் பெயர் பொருளாளரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

இன்னொன்று நாள்காட்டி. பெருந்தொற்றுக்குப் பிறகு பள்ளி ஆண்டு மார்ச், பிப்ரவரி என்று அலைந்து, 2026 முதல் மறுபடியும் ஜனவரியில் தொடங்குகிறது. ஆகவே ஆண்டிறுதி விடுமுறை மறுபடியும் டிசம்பருக்கு வந்துவிட்டது. நல்ல செய்தி. ஆனால் பிறையும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. 2030இல் நோன்பு இரண்டு தடவை வரும், ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று. 2031இல் டிசம்பர் நடுவிலிருந்து நோன்பு, 2032இல் ஏறக்குறைய டிசம்பர் முழுக்க நோன்பு. அதாவது 2000இல் நம்மை வீழ்த்திய அதே முட்டுக்கட்டை இன்னும் சில ஆண்டுகளில் சொல்லிவைத்தாற்போல் திரும்பி வருகிறது. பிறை பார்த்துத்தான் நாள் என்றாலும் கணக்கு ஓரிரு நாளுக்கு மேல் மாறாது. அந்த ஆண்டுகளில் என்ன செய்வது என்று இப்போதே எழுதி வைக்க வேண்டும். நோன்பிலேயே முகாம் வைக்கலாம், ஸஹரும் இஃப்தாரும் தராவீஹும் சேர்ந்து. அல்லது ஆண்டின் நடுவில் வரும் விடுமுறைக்கு மாற்றலாம். எது வேண்டுமானாலும் செய்யலாம், "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வோம்" என்பதைத் தவிர.

போன பள்ளி விடுமுறையில் சோதனையாக இரண்டு இரவு நடத்திப் பார்த்தோம். முப்பது பிள்ளைகள் சொச்சம். சங்கத்தின் பெயரில் பெரிதாக அறிவிக்கவில்லை, தெரிந்த வீடுகளில் மட்டும் சொன்னோம். முதல் நாள் மதியம் ஸஹன் வைத்தபோது நான்கைந்து பிள்ளைகள் "ஒரே தட்டிலா?" என்று பின்வாங்கினார்கள். பதினேழு வயதுக் குழுத் தலைவன் ஒருவன் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். பசித்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். இரவு ஒரு பையன் அழுதான். நான் எழுந்திருக்கும் முன்பே பக்கத்துப் பாயில் இருந்தவன் எழுந்து போய் அவனோடு உட்கார்ந்துவிட்டான். மறுநாள் சுபுஹுக்கு யார் பாங்கு சொல்வது என்று அவர்களுக்குள் சண்டை. குரல் உடைகிற வயதில் இருந்த ஒருவன் சொன்னான். நடுவில் குரல் கிரீச்சிட்டது. யாரும் சிரிக்கவில்லை. சரி, இரண்டு பேர் சிரித்தார்கள்.

இந்த டிசம்பருக்கான பட்டியலை நான் போடவில்லை. வாசலுக்கு இடப்பக்கம் நீல மேசையில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பையன்கள், ஒரு பெண் பிள்ளை. மூவருக்கும் இருபது வயதுக்குள். பிள்ளைகளின் பெயரை அவர்களிடம் கொடுங்கள். உதவிக்கு வர விரும்பும் பெரியவர்களும் அவர்களிடமே கேளுங்கள். உங்களுக்கு என்ன வேலை என்று அவர்கள் சொல்வார்கள். எனக்குப் பாத்திரம் கழுவுகிற வேலை போட்டிருக்கிறார்கள். இரவில் கதை சொல்லக்கூடிய நன்னாமார், நன்னிமார் பெயருக்குத் தனித்தாள் இருக்கிறது. அது இன்னும் வெறுமையாக இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகும் முன் அதில் நான்கு பெயராவது விழ வேண்டும்.

வஸ்ஸலாம்.